ஒருவன் கை மட்டும் அறிந்த புரவி

சேற்று நிறம் கொண்ட ஆறுகள் இரண்டு, நெடுநாள் பிரிந்திருந்த உடன்பிறந்தார் போல ஒன்றையொன்று தழுவிக்கொள்ளும் கூடலின் கரையிலே, வெள்ளீயம் அகழவந்த சீனரும், இருப்புப்பாதை அமைக்கவந்த தமிழரும், அவர்கட்கெல்லாம் முன்னரே அம்மண்ணில் வேரூன்றிய மலாய் மக்களும் அருகருகே குடியிருந்து, வேறுவேறு மொழிகளிற் பேசி, ஒரே மழையில் நனைந்து வாழ்ந்த கோலாலம்பூரின் வைகறை, காண்பார் கண்ணுக்கு இனிய விருந்தாகும். மலைச்சாரலினின்று இறங்கிய வெண்பனி ஆற்றின்மேற் படிந்து, படகுகளை மறைத்து, பாலங்களின் கால்களை மறைத்து, கடைவரிசைகளின் ஓட்டுக்கூரைகளை மட்டும் மிதப்பனபோல் விட்டுவைக்க, கீழ்வானிலே கதிரவன் செம்மை பூசத் தொடங்குமுன்னரே நகரின் தென்புறத்தில் மற்றொரு செம்மை எழும். அது செங்கற் சூளைகளின் தீ. சூளைகள் மிகுந்தமையால் பிரிக்பீல்ட்ஸ் என்று ஆங்கிலர் பெயரிட்ட அப்பகுதியில், களிமண் அகழ்ந்த குழிகளெல்லாம் மழைநீர் நிறைந்து குளங்களாகி அல்லி பூத்துக் கிடக்க, அவற்றின் கரையோரமாகக் கீற்று வேய்ந்த குதிரைப் பந்திகள் வரிசையாய் நின்றன.

கற்றறிந்தோரே! குதிரையில்லாமல் தாமே ஓடும் வண்டிகள் அந்நகரத் தெருக்களில் அரும்பொருளாய் இருந்த நாள்கள் அவை. புகைவண்டி நிலையத்தில் இறங்குவோரைக் கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் கொண்டுசேர்க்கும் தொழில் குதிரை வண்டிக்காரருடையதாய் இருந்தது. அவ்வண்டிக்காரருள் முப்பத்தைந்து அகவை கடந்த ரெங்கசாமி என்பான், தன் வண்டியைவிடவும், தன் வீட்டைவிடவும், உண்மையை ஒளியாது உரைப்பின் தன் மனைவியைவிடவும் மிகுதியாய்த் தன் குதிரையை நேசித்தவனாய் ஊரறிய வாழ்ந்தான்.

அது ஒரு பெட்டைக் குதிரை. சுமத்திராத் தீவிலிருந்து கப்பலேறி வந்து, கிள்ளான் ஆற்றுத்துறையில் மற்ற குதிரைகளோடு நடுங்கி நின்றபோது, அதன் மேனியின் மாந்தளிர் நிறத்தைக் கண்டு மயங்கி ரெங்கசாமி அதனைத் தெரிந்தெடுத்தான். தளிர் என்றே பெயரிட்டான். குட்டையான உடலும் அகன்ற மார்பும், மழையில் நனைந்த கரும்பட்டுப் போன்ற பிடரி மயிரும், அயலார் அடியோசை கேட்டதும் பின்னோக்கிச் சாயும் கூரிய செவிகளும் உடைய அப்புரவி, அவன் கையால் அன்றிப் பிறர் கையால் உண்ணாது. அவன் அன்றிப் பிறர் கடிவாளம் பூட்டப் பொறாது. யாரேனும் நெருங்கினாற் பல்லைக் காட்டும். இன்னும் நெருங்கினாற் கடிக்கும்.

“அவளுக்கு நான் ஒருத்தன்தான்,” என்று ரெங்கசாமி நிலைய வாயிலில் கூடும் வண்டிக்காரரிடம் பெருமிதம் ததும்பச் சொல்வான். “ராசாவே வந்து நின்னாலும் திரும்பிப் பாக்க மாட்டா.”

அப்பெருமிதத்தின் அடியில் ஒரு சிறு களவு இருந்தது. தளிர் யாரையேனும் கடித்த நாளில், எவரும் காணாப் பொழுதில், ரெங்கசாமி தன் மடியிலிருந்து வெல்லக்கட்டி ஒன்றை எடுத்து அதன் வாயில் வைப்பான். இவ்வாறு பிறரை வெறுக்கக் கற்பித்துவிட்டு, அவ்வெறுப்பையே தன்மீது கொண்ட காதலென்று எண்ணி இறும்பூது எய்தினான்.

அவன் மனைவி மாரியாயி, இருப்புப்பாதைக் கூலிகளின் குடியிருப்பிற் பிறந்து வளர்ந்தவள். மெலிந்த உடலும் மெல்லிய குரலும் உடையவள். மணமாகி வந்த புதிதில், கணவன் விரும்பும் பொருளைத் தானும் விரும்பவேண்டும் என்னும் ஆவலால் ஒரு கைப்பிடிப் புல்லோடு பந்திக்குட் சென்றவளின் மேற்கையைத் தளிர் கடித்துக் குருதி கசியச் செய்தது. ரெங்கசாமி சிரித்தான். காயத்துக்கு மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டே மாரியாயி பலகணி வழியே நோக்கியபோது, அவன் குதிரையின் நெற்றியோடு நெற்றி சேர்த்து நின்று வெல்லம் ஊட்டுவதைக் கண்டாள். மாற்றாள் ஒருத்தி வீட்டினுள் இருப்பதை அறிந்த பெண்ணின் நெஞ்சம் எவ்வாறு சுருங்குமோ அவ்வாறு அவள் நெஞ்சம் சுருங்கியது. அன்றுமுதல் அவள் பந்தியின் பக்கம் செல்லவில்லை. அடுத்த ஆண்டில் அவளுக்கு ஓர் ஆண்மகவு உயிரின்றிப் பிறந்தது. அதைப்பற்றியும் அவ்வீட்டில் எவரும் பேசவில்லை.

இங்ஙனம் நாள்கள் செல்ல, மழை மிகுந்த ஒரு திங்களில் கொசுக்கள் பெருகி, குளிர்காய்ச்சல் சூளைப்பகுதி எங்கும் பரவியது. பயணி ஒருவரை ஏற்றிக்கொண்டு சென்ற ரெங்கசாமி வண்டியின் முகப்பிலேயே நடுநடுங்கிச் சாய, உடன்தொழிலாளர் அவனை அரசு மருத்துவமனையிற் சேர்த்தனர். நினைவு தப்புவதும் மீள்வதுமாய் அவன் அங்கே இரண்டு திங்கள் கிடந்தான்.

தளிர் உண்ண மறுத்தது. மாரியாயி ஊறவைத்த கொள்ளை வாளியில் இட்டு, நீண்ட மூங்கிற் கழியால் தொலைவிலிருந்தே தள்ளிவிட, குதிரை அதனை உதைத்துக் கவிழ்த்தது. மறுநாளும் அவ்வாறே. விலாவெலும்புகள் தோன்றத் தொடங்கின. அண்டை வீட்டினர், அது இனிப் பிழையாது, விட்டுவிடு என்றனர். அவளுள்ளும் அவ்வாறே உரைத்த குரல் ஒன்று இருந்தது. இது மடிந்தால் என் கணவன் எனக்கு மீள்வான் என்னும் அக்குரலின் இனிமையை அவள் உணர்ந்தாள், உணர்ந்தமைக்காகவே அஞ்சினாள்.

அன்று மாலை இடியும் மின்னலுமாய் வானம் உடைந்துகொண்டு பொழிந்தது. பந்தியிலிருந்து வந்த கனைப்பொலியில் சினம் இல்லை, அச்சமே இருந்தது. மாரியாயி தலையிற் கோணிப்பையைப் போர்த்துக்கொண்டு ஓடினாள். உள்ளே சென்றபின் அதன் பார்வையைத் தாங்கமாட்டாது, அதற்கு முதுகு காட்டி வைக்கோற் போரின் ஓரத்தில் அமர்ந்து, தன் அச்சம் தீரத் தானே வாய்க்கு வந்தவற்றையெல்லாம் பேசத் தொடங்கினாள். நெடுநேரம் பேசினாள். மழை தணியும் பொழுதிலே வெம்மையான மூச்சொன்று அவள் பின்கழுத்திற் படிந்தது. பின்னர் ஈரமான மூக்கு அவள் கூந்தலை முகர்ந்தது. அவள் அசையாதிருந்தாள். மடியிற் கட்டிவந்த கொள்ளில் ஒரு பிடியைத் தோளுக்கு மேலாக நீட்டினாள். தளிர் உண்டது.

அதன்பின் அவளே புல்லரிந்தாள். அவளே குளக்கரைக்குக் கொண்டுசென்று நீராட்டினாள். உடலுருவிப் பிடரி நீவினாள். கணவன் வீடு திரும்பும் நாள் குறிக்கப்பட்டதும், முன்னொருநாளும் செய்தறியாத துணிவோடு தானே சேணம் பூட்டி, கண்டோர் வியந்து நகைப்பதையும் பொருட்படுத்தாது, கடிவாளத்தைப் பற்றி வண்டியை நடத்திக்கொண்டு மருத்துவமனையின் வாயிலில் வந்து நின்றாள். அவன் எவ்வளவு மகிழ்வான் என்னும் எண்ணமே வழியெல்லாம் அவளுக்குத் துணையாய் இருந்தது.

மூங்கில்போல் இளைத்து, கசப்பு மருந்தின் நாற்றம் மேனியெங்கும் வீச வெளியே வந்த ரெங்கசாமி, தன் குதிரையைக் கண்டு கண்ணீர் பெருக இரு கைகளையும் நீட்டினான்.

“தளிரு! என் கண்ணே!”

புரவி அவன் கைகளை முகர்ந்தது. செவிகளைப் பின்னே சாய்த்தது. பழகாத அந்நாற்றத்தைப் பொறாமல் தலையைத் திருப்பி, மாரியாயியின் தோளின்மேல் முகத்தை வைத்துக்கொண்டது.

மாரியாயி பதறினாள். “மருந்து வாடைங்க. ரெண்டு நாள்ல சரியாப் போயிடும்,” என்றாள்.

ரெங்கசாமி வண்டியில் ஏறி, தன் வண்டியிலேயே தான் பயணியாய் அமர்ந்து, முன்னே நடந்துசெல்லும் மனைவியின் முதுகையும் அவளை உரசியபடியே செல்லும் குதிரையின் கழுத்தையும் நோக்கிக்கொண்டே வீடு சேர்ந்தான். காய்ச்சல் நீங்கிய உடலில் அழுக்காறு என்னும் வேறொரு காய்ச்சல் அன்று குடிபுகுந்தது.

இரண்டு நாளில் எல்லாம் சரியாயிற்று என்றே பிறர்க்குத் தோன்றும். தளிர் அவனை அறிந்துகொண்டது, அவன் கையால் உண்டது, வண்டியை இழுத்தது. ஆயினும் மாரியாயியின் வளையோசை எழுந்தவுடன் உண்பதை நிறுத்தித் தலையுயர்த்தும். அவன் அதனைக் கண்டான். உருவிவிடும்போது கண்மூடி நிற்கும் குதிரை, அவள் குரல் கேட்டதும் கண் திறக்கும். அதனையும் கண்டான். காண்பதையே தொழிலாய்க் கொண்டவன்போல, ஒற்றன் ஒருவன் பகைநாட்டைக் கணக்கெடுப்பதுபோல, நாள்முழுதும் அவ்விருவரையும் கண்டுகொண்டிருந்தான்.

“இனிமே நீ பந்திக்குள்ள போகாதே,” என்றான் ஒருநாள்.

“ஏங்க? நான் என்ன செஞ்சேன்?”

“போகாதேன்னா போகாதே. அது என் குதிரை.”

“நீங்க படுத்துக் கிடந்தப்ப அது செத்துடக் கூடாதுன்னுதானே பாத்தேன். உங்க பொருளுன்னுதானே பாத்தேன்.”

அன்று பிற்பகல் நிலையத்துக்குச் செல்லும் வழியில், வீட்டுப்பக்கம் திரும்பிக் கனைத்த தளிரின்மேல், வாங்கிய நாள்முதல் ஒருபோதும் தீண்டாத சவுக்கைச் சுழற்றி வீசினான். குதிரை துள்ளியது, பின்னர் நின்று, தலை திருப்பி அவனை நோக்கியது. அந்நோக்கிற் சினமில்லை. புரியாமை மட்டுமே இருந்தது. அதனால் அவன் வெகுளி இன்னும் வளர்ந்தது.

வேறொரு மாலையில், வழக்கத்தினும் முன்னதாகக் குதிரையை அவிழ்த்துக் கட்டிவிட்டுக் கடைக்குச் சென்றவன், திரும்பி வரும்பொழுது பந்தியினுள்ளே மனைவியின் குரல் கேட்டு அடிவைக்காது நின்றான். கீற்றின் இடைவெளி வழியே, புரவியின் கழுத்திற் கைபோட்டு அவள் நிற்பது தெரிந்தது.

“இருந்திருந்தா இந்நேரம் ஓடியாடித் திரிவான். உன் மேல ஏறணும்னு அழுவான்,” என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். “மூடி எடுத்துட்டுப் போனாங்க. மூஞ்சி மட்டும் ஒருக்கா பாத்தேன். அவரு பாக்கவே இல்ல.”

இதுவரை தன் குதிரையின் அன்பை மனைவி கவர்ந்தாள் என்று எரிந்தவன், இப்பொழுது தன் மனைவியின் நெஞ்சைக் குதிரை கவர்ந்தது என்றும் எரிந்தான். எவளைக் குறித்து எவள்மேற் பொறாமைப்படுவது என்றே அறியாமல், இரண்டு பக்கமும் தீப்பற்றிய திரிபோல் வெந்தான். உட்சென்று ஒரு சொல் கேட்டிருப்பின் இக்கதை இத்துடன் முடிந்திருக்கும். அவன் கேட்கவில்லை.

ஆறு கடலை நெருங்கும் கிள்ளான் நகரில் மூசா இராவுத்தர் என்று ஒருவர் இருந்தார். ரெங்கசாமியின் அகவையே உடையவர், துணிக்கடை நடத்தியவர், வருவாய்க்காக அன்றி, காலையும் மாலையும் கண்ணாரக் காண்பதற்காகவே குதிரைகள் வளர்த்தவர். தளிரின்மேல் அவருக்கு நெடுநாள் விருப்பம். மறுநாட் காலையில், மாரியாயி விழித்தெழுமுன்னரே ரெங்கசாமி வண்டியைப் பூட்டி, இரப்பர்ப் பால் வடிக்கும் பால்மரத் தோட்டங்களினூடே செம்மண் சாலைவழியே கிள்ளானுக்குச் சென்றான்.

“உங்க கறுப்புக் குதிரையை எனக்குக் குடுங்க ராவுத்தரே. இவளை வச்சுக்குங்க,” என்றான்.

மூசா வியப்புற்றார். “என்ன ரெங்கசாமி? உயிரையே கேட்டாலும் தருவேன், இவளத் தரமாட்டேன்னீங்களே. ஏதும் நோவா?”

“நோவெல்லாம் இல்ல. வேண்டாம்னு தோணிடுச்சு.”

மூசா அவன் முகத்தை நெடிது நோக்கினார், மேலும் வினவவில்லை. சேணம் மாற்றப்பட்டது. கறுப்புக் குதிரையைச் செலுத்திக்கொண்டு ரெங்கசாமி திரும்பிப் பாராமற் புறப்பட்டான். பின்னே ஒரு கனைப்பொலி எழும், எழும் என்று சாலையின் வளைவுவரை செவியைத் தீட்டிக்கொண்டே சென்றான். எழவில்லை.

மாரியாயி கறுப்புக் குதிரையைக் கண்டாள். நடந்ததை அறிந்தாள். அழவில்லை, வையவில்லை. சோறு வடித்து வைத்துவிட்டுச் சுவரோரம் அமர்ந்தாள். அம்மௌனத்தைத் தாங்கமாட்டாது அவனே வாய் திறந்தான்.

“என்கிட்டச் சொல்லாததெல்லாம் அதுகிட்டப் போய்ச் சொன்னியே. நான் உனக்கு யாரு?”

“தளிரு நின்னு கேட்டுச்சு,” என்றாள் மாரியாயி. “புள்ள செத்துப் பொறந்த அன்னிக்கு நீங்க எங்க போனீங்க? கொள்ளு வைக்க நேரமாச்சுன்னு பந்திக்குப் போயிட்டீங்க. நான் ஏதும் சொன்னேனா? அன்னையிலிருந்து அந்தக் குதிரையப் பாத்தா எனக்கு வயிறு எரியும். அதையும் முழுங்கிட்டுத்தான் உங்களுக்காகக் காப்பாத்தினேன்.”

அவன் பந்திக்குச் சென்று அமர்ந்தான். கறுப்புக் குதிரை அவனையும் நோக்கியது. வருவோர் போவோர் அனைவரையும் அவ்வாறே நோக்கியது. எவர் வைத்தாலும் உண்டது. அதனிடம் பொறாமை கொள்ள ஒன்றுமில்லை. ஆதலின் அவன் பொறாமை ஆற்றோடு நடந்து கிள்ளானைச் சென்றடைந்தது. இந்நேரம் மூசா தளிரை நீராட்டுவார். இந்நேரம் அவள் அவர் கையை முகர்வாள். அல்லது உண்ணாமல் மெலிந்து, தன்னை நினைத்துச் சுவரை உதைப்பாள். இரண்டாவதே நிகழவேண்டும் என்று அவன் விழைந்தான். நேசித்த உயிர் நோகவேண்டும் என்று விழையுமளவு அவன் நெஞ்சு கெட்டிருந்தது.

ஒருநாள் புகைவண்டி ஏறிக் கிள்ளானுக்குச் சென்றான். மூசாவின் வீட்டுக்குப் பின்புறம், தென்னைமரங்களின் நடுவே, கட்டப்படாமல் நின்றது தளிர். மூசாவின் மனைவி ரம்லத்பீவி அதன் முன்காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக் குளம்பின் சேற்றைக் களைந்துகொண்டிருந்தார். தளிர் ஒரு வைக்கோலை மென்றபடி, அரைக்கண் மூடி, ஊரில் எவர்க்கும் உரிய குதிரைபோல நின்றது. அதன் மேனி பளபளத்தது.

“கடிக்கலையா?” என்றான் ரெங்கசாமி.

“வந்த புதுசுல கடிச்சுச்சு,” என்றார் மூசா. “ஆனா ஒரு விசயம் பாத்தேன். கடிச்சுட்டு, தலையத் தூக்கி நம்ம கையைப் பாக்குது. எதையோ குடுப்பாங்கன்னு காத்து நிக்கிற மாதிரி. நாலஞ்சு தடவை அப்படி நின்னுச்சு. ஒண்ணும் வரலன்னதும் கடிக்கிறத விட்டுடுச்சு.”

இத்தனை ஆண்டுகள் ரெங்கசாமி, தன்மீது தளிர் கொண்ட அன்பின் சான்றாய்க் கொண்டு திரிந்தது ஒரு வெல்லக்கட்டியின் பயனே என்பதை, குற்றம் சாட்டும் எண்ணம் சிறிதுமின்றி அந்நல்லவர் சொல்லிவிட்டார். அவன் தென்னையைப் பற்றிக்கொண்டு மெல்லக் கூப்பிட்டான். தளிர் செவி நிமிர்த்தியது; அவனைப் பார்த்தது; ஓரடி முன் வந்தது; பின்னர் அவன் கையில் இருந்த குடையைச் சவுக்கென்று கருதியதோ என்னவோ, நின்றுவிட்டது.

“திருப்பிக் கொடுத்துடுங்க, ராவுத்தரே.”

“கேட்டாத் தர்றேன். ஆனா யாருக்காகக் கேக்குறீங்க?”

“என் பொண்சாதிக்காக,” என்றான். அங்ஙனம் சொன்னபோது அது பாதியே உண்மை. மீதிப் பாதி வீடு திரும்பும் வழியில் உண்மையாயிற்று.

“அப்ப தங்கச்சியையே கூட்டிட்டு வாங்க,” என்றார் மூசா.

அவன் மனைவியிடம் யாவற்றையும் உரைத்தான்: வெல்லத்தை உரைத்தான், சவுக்கை உரைத்தான், மருத்துவமனை வாயிலில் நெஞ்சிற் குத்தியதையும் உரைத்தான். அவள் முழுவதும் கேட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் கிள்ளானில் இறங்கி நடந்தனர். வேலிப்படல் திறக்குமுன்னரே, வளையோசை கேட்ட தளிர் தென்னந்தோப்பின் மறுகோடியிலிருந்து மண் பறக்க ஓடிவந்து, மாரியாயியின் கழுத்தில் முகம் புதைத்து, கன்றுபோல் மெல்லிய ஒலியெழுப்பியது. அவள் அதன் நெற்றியைத் தடவித் தடவி, இதுவரை அடக்கிய அழுகையெல்லாம் அழுதாள். ரெங்கசாமி பத்தடி தொலைவில் நின்றான். முன்னிருந்த எரிவே அவனுள் மீண்டும் எழுந்தது. அவன் அதனை அறிந்தான். அறிந்தும் நின்ற இடத்திலேயே நின்றான். அவன் வாழ்நாளில் செய்த அரிய செயல் அதுவே என்பேன்.

“கூட்டிட்டுப் போங்க தங்கச்சி. எனக்கு மனத்தாங்கல் இல்ல,” என்றார் மூசா.

மாரியாயி கண்களைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் நோக்கினாள். தென்னைநிழலையும், கட்டப்படாத கழுத்தையும், வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்து நின்ற ரம்லத்பீவியையும் நோக்கினாள்.

“வேணாண்ணே. இங்கயே இருக்கட்டும். எங்க வீட்டுல அது ரெண்டு பேருக்கு நடுவுல மாட்டிக்கிட்டு இழுபட்டுச்சு. இங்கதான் அது குதிரையா இருக்கு.”

ரெங்கசாமி மறுத்துரைக்க வாய் திறந்தான். அவள் முகத்தைக் கண்டு மூடிக்கொண்டான்.

திரும்பும் புகைவண்டியில் இருவரும் எதிரெதிரே அமர்ந்திருந்தனர். பால்மரங்கள் வரிசை வரிசையாய்ப் பின்னே ஓடின. வழியில் பத்து தீகா என்னும் சிறு நிலையம் கடந்தபின் அவன் தலைகுனிந்தவாறே கேட்டான்.

“புள்ள யாரு சாடை?”

“காது உங்க காது,” என்றாள். “தலை நெறைய முடி. விரலெல்லாம் நீளமா இருந்துச்சு.” பின்னர், நிலையம் நெருங்கும்வரை, அவள் பேசிக்கொண்டே வந்தாள், அவன் கேட்டுக்கொண்டே வந்தான்.

அதன்பின்னும் ஆண்டுகள் பல உருண்டன. சூளைகள் ஒவ்வொன்றாய் அவிந்தன, குளங்கள் தூர்ந்தன, குதிரையில்லா வண்டிகள் தெருவை நிறைத்தன. ரெங்கசாமி தொழில் மாறி, புகைவண்டி நிலையத்துப் பண்டகச் சாலையில் வேலைக்கமர்ந்தான். தளிர் முதுமையுற்றுத் தென்னந்தோப்பிலேயே மடிந்த காலம்வரை, ஓய்வு வாய்த்த ஞாயிறுதோறும் கணவனும் மனைவியும் கிள்ளானுக்குச் சென்றுவந்தனர்.

படலருகே மனிதர் வந்து நின்றதும் அம்முதுபுரவி மெல்ல நடந்து வரும். முதலில் மாரியாயியிடம் செல்லும். அடுத்து, அங்கே இருப்பின், ரம்லத்பீவியிடம் செல்லும். அதன்பின் மூசாவின் சட்டைப்பையை முகரும். எல்லார்க்கும் பின்னர், நினைவு வந்தால், ரெங்கசாமியின் முன் வந்து நிற்கும். சில ஞாயிறுகளில் நினைவு வாராது. உயிர்களின் அன்பை வேலியிட்டுத் தனக்கென்று காக்கப் புகுந்தவன், இறுதியில் வேலிக்கு வெளியே நின்று அதனை எதிர்நோக்கும் நிலையை அடைந்தான். பொறாமை அவனை முற்றிலும் விட்டு நீங்கிற்று என்று எழுதினால் பொய் எழுதினேனாவேன். அது குத்தியது, ஒவ்வொரு முறையும் குத்தியது. அவன் அக்குத்தலோடே, கையை நீட்டாமல், பெயர் சொல்லி அழையாமல், தன் முறை வருமட்டும் காத்துநின்றான்.